டயாலிசிஸ் குழாயில் திரும்பத் திரும்பத் தொற்று: தவறு யாருடையது?

வட மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது:

"என் மகளுக்கு வயது 10, எடை 23 கிலோ. பிறவியிலேயே இரண்டு சிறுநீரகங்களும் சரியாக வளரவில்லை. ஏழு மாதங்களாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. வலது கழுத்து வழியாகப் பெர்ம்கேத் என்ற, பல மாதங்கள் உள்ளேயே இருக்கும் டயாலிசிஸ் குழாய் வைத்திருக்கிறார்கள்; அது நெஞ்சில் வெளியே வருகிறது. வைத்த ஐந்தாவது வாரத்தில் குழாய் வெளியே வரும் இடம் சிவந்து, சீழ் கட்டிக் காய்ச்சல் வந்தது. அப்போது என் மாமியார் அந்த இடத்தில் தினமும் மஞ்சள் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தார்; அதற்காக எங்களுக்குள் சண்டையும் வந்தது. மருந்தில் சரியாகிவிட்டது. போன மாதம் மறுபடியும் தொற்று. இந்த முறை துளை சுத்தமாகத்தான் இருந்தது. டயாலிசிஸ் தொடங்கி அரை மணி நேரத்தில் உடல் தூக்கிப்போட்டது. போர்வை போர்த்தி, காய்ச்சல் மாத்திரை கொடுத்து, முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரவு 103 டிகிரி காய்ச்சல். ஊரில் உள்ள டாக்டர் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார். இரண்டு நாள் கழித்து டயாலிசிஸ் பிரிவில் ரத்தம் கல்ச்சருக்கு அனுப்பினார்கள்; கிருமி எதுவும் வளரவில்லை. ஆனாலும் மூன்று வாரம் மருந்து ஏற்றினார்கள். 'நீ தலைக்கு ஊற்றியதால்தான் வந்தது' என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். படுக்கவைத்து, டிரஸ்ஸிங் நனையாமல்தான் ஊற்றினேன். வீட்டிலும் அதையே சொல்லிக் காட்டுகிறார்கள். ஒன்று சொல்ல வேண்டும்: அங்கே சில நாள் முகக்கவசம் தாடையில் தொங்குகிறது, ஒரே கையுறையோடு அடுத்த பிள்ளைக்கும் இணைப்புக் கொடுக்கிறார்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயம். தினமும் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்துவிட்டால் தொற்று வராதா? பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன், சரிதானா? கையில் ஃபிஸ்டுலா செய்யச் சொல்கிறார்கள். பெண் பிள்ளை, கை புடைத்துக்கொள்ளும் என்று கணவர் மறுக்கிறார். எனக்கு ரத்த வகை சேரவில்லை, கணவருக்குச் சர்க்கரை நோய். மாமியார் சிறுநீரகம் தரத் தயாராக இருக்கிறார். ஆனால் பெற்றோர் மட்டும்தான் தரலாம் என்று யாரோ சொன்னார்கள்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் தேதிகளையும் அறிகுறிகளையும் வரிசையாக எழுதியிருப்பது பெரிய உதவி. அதை வைத்துப் பார்த்தால், உங்கள் மகளுக்கு வந்த இரண்டு தொற்றுகளும் ஒரே வழியாக வந்தவையாகத் தோன்றவில்லை.

குழாய்க்குள் கிருமி நுழைய முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தோலிலிருந்து குழாய் வெளியே வரும் துளை. அங்கிருந்து குழாயின் வெளிப்புறத்தை ஒட்டிக் கிருமி உள்ளே ஊர்ந்து போகும். பெர்ம்கேத்தில் தோலுக்கு அடியில் ஒரு சிறிய துணிப் பட்டை இருக்கிறது. சதை அதைப் பற்றிக்கொண்டு வளர்ந்ததும் அந்த வழி பெருமளவு அடைபடும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். இரண்டாவது வழி, குழாயின் நுனியில் மூடி போட்டிருக்கும் இணைப்பு வாய். டயாலிசிஸ் இயந்திரத்தோடு இணைக்கும்போதும் கழற்றும்போதும் அது திறக்கப்படுகிறது. வாரம் மூன்று டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு ஆறு முறை. குழாய் வைத்துச் சில மாதங்கள் ஆன பிறகு வரும் தொற்றில் பெரும் பங்கு இந்த வாய் வழியாகத்தான்.

முதல் முறை துளையைச் சுற்றிச் சிவந்து சீழ் கட்டியது. குழாய் வைத்து ஐந்தே வாரம். அது வெளி வழி. இரண்டாம் முறை துளை சுத்தமாக இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இயந்திரம் ஓடத் தொடங்கி அரை மணி நேரத்தில் குளிர் நடுக்கம். குழாயின் உள்சுவரில் படிந்திருந்த கிருமி, ரத்தம் வேகமாக ஓடியதும் உடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டால் இப்படித்தான் நடக்கும். டிரஸ்ஸிங் நனையாமல் தலைக்கு ஊற்றியதை இதற்குக் காரணமாகச் சொல்ல எனக்கு ஆதாரம் தெரியவில்லை. வீட்டில் உங்களைச் சொல்லிக் காட்டுபவர்களிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

கல்ச்சரில் கிருமி வளராததும் புதிர் இல்லை. ஊர் டாக்டர் போட்ட ஊசிக்குப் பிறகு எடுத்த ரத்தம் அது. ஆன்டிபயாடிக் உள்ளே போன பிறகு எடுக்கும் கல்ச்சரில் கிருமி பிடிபடாமல் போவது சகஜம். எந்தக் கிருமி என்று தெரியாததால் எந்த மருந்து, எத்தனை நாள், குழாயை எடுப்பதா வைப்பதா என்ற முடிவுகள் எல்லாமே ஊகத்தில் எடுக்கப்பட்டிருக்கின்றன. நடுக்கம் வந்த அந்த அரை மணி நேரத்திலேயே ரத்தம் எடுத்திருக்க வேண்டும்.

இணைக்கும் அந்தச் சில நிமிடங்கள்

அந்த நேரத்தில் என்ன நடக்க வேண்டும் என்று சொல்கிறேன். அடுத்த முறை அருகில் நின்று பாருங்கள். சிஸ்டர் கை கழுவி, புதிய கையுறை போடுகிறார். அவருக்கு மூக்கும் வாயும் மூடிய முகக்கவசம். உங்கள் மகளுக்கும் முகக்கவசம். முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். அருகில் நிற்கும் உங்களுக்கும் ஒன்று. குழாயை நெரித்து அடைக்கும் இரண்டு கிளாம்ப்களும் மூடியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகு மூடியைக் கழற்றுகிறார். மூடியைக் கழற்றிய வாயின் வெளிப்புறத்தில் திருகு மரை இருக்கிறதல்லவா? போன முறை படிந்த ரத்தம் அந்த மரைக்குள் பழுப்பாகக் காய்ந்து கிடக்கும். கிருமிக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. கிருமிநாசினி நனைத்த திண்டால் அந்த மரையையும் நுனியையும் அழுத்தித் தேய்த்து, அந்தக் கறை போகும்வரை துடைக்க வேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் தனித் திண்டு. பிறகு அது தானாகக் காய வேண்டும். ஊதக் கூடாது, விசிறக் கூடாது. காய்ந்ததும் உடனே இணைப்பு. கழற்றும்போதும் இதே முறைதான். டயாலிசிஸ் முடிந்து எல்லோரும் கிளம்பும் அவசரத்தில் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்தக் கழற்றும் வேளையில்தான்.

இதில் விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் பல குழந்தைகள் மருத்துவமனைகள் சேர்ந்து 2011-இல் 'ஸ்கோப்' என்ற கூட்டு முயற்சியைத் தொடங்கின. முதலில் வயிற்றுக்குள் கரைசலை விட்டு எடுக்கும் வயிற்று வழி டயாலிசிஸிலும், பிறகு உங்கள் மகளுக்கு நடப்பதைப் போல இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் குழாய் வழி ஹீமோடயாலிசிஸிலும் இணைப்பது, கழற்றுவது, துளையைச் சுத்தம் செய்வது ஆகியவற்றை ஒரே முறையில் செய்யவைத்து, படிகள் தவறாமல் நடக்கின்றனவா என்று ஒருவர் பட்டியலோடு நின்று பார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். தொற்று கணிசமாகக் குறைந்தது.

சரி, சிஸ்டரிடம் எப்படிச் சொல்வது? ஒருவரே பல இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவுகள் நம்மிடம் நிறைய. உங்கள் சிஸ்டரும் அப்படிப்பட்ட வேலை நெருக்கடியில் இருக்கலாம். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். மகளுக்கு நீங்களே முதலில் முகக்கவசம் போட்டுவிட்டு, "பாப்பா போட்டுக்கொண்டாள் சிஸ்டர், நீங்களும் சரிசெய்துகொண்டால் தொடங்கலாம்" என்று சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தப் படிகளைச் சொல்லிக்கொடுத்தால் அவளே கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பாள். பிள்ளை கேட்டால் யாருக்கும் கோபம் வருவதில்லை. ஆனால் ஒரே கையுறையோடு அடுத்த பிள்ளையிடம் போவது கெஞ்சிக் கேட்க வேண்டிய விஷயம் அல்ல. அதைப் பிரிவின் மருத்துவரிடம், தேவைப்பட்டால் எழுத்தில், சொல்லுங்கள். பாதுகாப்பான சிகிச்சை உங்கள் மகளின் உரிமை. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. இரண்டு தொற்றுகளின் கல்ச்சர் அறிக்கைகளையும் டிஸ்சார்ஜ் குறிப்புகளையும் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளும் தலைக்குளியலும்

மாமியார் அன்பில்தான் பூசினார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சமையலறை மஞ்சள் தூள் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. குழைத்த தண்ணீரும் விரலும் அப்படியே. ரத்தக் குழாய்க்குள் நேராகப் போகும் ஒரு துளையின் மேல் அதைப் பூசுவது ஆபத்து. விபூதி, பவுடர், தேங்காய் எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். நெற்றியில் விபூதி இட்டுக்கொள்ளட்டும். டிரஸ்ஸிங் பக்கம் வேண்டாம். துளையைச் சுத்தம் செய்ய ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் நல்லது. அது ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்குப் பொவிடோன் அயோடின் இருக்கிறது. துளையில் தடவும் ஆன்டிபயாடிக் களிம்பும் சில பிரிவுகளில் வழக்கம். ஆனால் சில களிம்புகளின் அடிப்படைப் பொருள் சில வகைக் குழாய்களை அரிக்கும் என்பதால், கடையில் நீங்களாக வாங்க வேண்டாம்.

டிரஸ்ஸிங்கை மாற்றுவது பிரிவின் வேலை. துணி டிரஸ்ஸிங் என்றால் டயாலிசிஸ் தோறும்; ஒளி ஊடுருவும் ஒட்டுப்படலம் என்றால் வாரத்துக்கு ஒரு முறை. நனைந்தாலோ, ஓரம் பிரிந்தாலோ, அழுக்கானாலோ அன்றே மாற்ற வேண்டும். நம் ஊர் மே மாத வியர்வையில் ஒட்டுப்படலம் ஒரு வாரம் தாங்குவது அபூர்வம். கிருமி நீக்கிய காஸ் பொட்டலங்களும் ஒட்டுப்பட்டையும் வீட்டில் வைத்திருங்கள். ஓரம் பிரிந்தால் பழையதை உரிக்காமல் மேலேயே காஸை வைத்து ஒட்டிக்கொண்டு பிரிவுக்குப் போங்கள்.

குளியலைப் பொறுத்தவரை கழுத்துக்குக் கீழே ஈரத் துணியால் துடைத்துவிடுவது போதும். இடுப்புக்குக் கீழே தாராளமாக ஊற்றலாம். தலை அலசக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை மட்டும் விளிம்புக்கு வெளியே சாய்த்து, கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளும் துண்டும் கட்டிவிட்டு, தண்ணீர் பின்பக்கம் வடியும்படி ஊற்றுங்கள். நீங்கள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். எண்ணெய் கழுத்தில் வழிந்தால் ஒட்டுப்படலம் கழன்றுவிடும் என்பதால், இந்தத் தீபாவளிக்கு உச்சந்தலையில் ஒரு சொட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். ஆறு, குளம், கிணறு, நீச்சல் குளம் எதுவும் கூடாது.

காய்ச்சல் வந்தால்

இந்தக் குழாய் உடலில் இருக்கும்வரை, 100.4 டிகிரியும் அதற்கு மேலும் உள்ள எந்தக் காய்ச்சலையும், எந்தக் குளிர் நடுக்கத்தையும், வேறு காரணம் உறுதியாகும்வரை ரத்தத் தொற்றாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். துளை பார்க்க நன்றாக இருப்பது ஆறுதல் தராது. சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலே இல்லாமல் வாந்தி, சோர்வு, ரத்த அழுத்தக் குறைவு மட்டும் வரும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவைக் கடத்தாதீர்கள்.

ஊர் டாக்டருக்காக ஓர் அட்டையில் எழுதி, லேமினேட் செய்து பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று செய்திகள் இருக்கட்டும். முதலாவது, ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்பு ரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும். பிள்ளை துவண்டு, கை கால் சில்லிட்டு இருந்தால் மட்டும் கல்ச்சருக்காக மருந்தைத் தாமதிக்காமல் கொடுத்துவிட்டு உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவது, காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபன், மெஃபெனமிக் அமிலம் கூடாது, மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்சச் சிறுநீரக வேலையையும் அவை கெடுக்கும். மூன்றாவது, டயாலிசிஸ் குழாய் வழியாக ட்ரிப்ஸ் ஏற்றவோ ரத்தம் எடுக்கவோ கூடாது. குழாய்க்குள் ரத்தம் உறையாமல் இருக்க அடர்த்தியான ஹெபாரினை நிரப்பி வைத்திருப்பார்கள். தெரியாமல் அதை உள்ளே தள்ளிவிட்டால் ரத்தக்கசிவு ஏற்படலாம்.

குழாயே தொல்லை செய்யும் வேளைகளும் உண்டு. மூடி கழன்றாலோ விரிசல் விட்டாலோ, உடலுக்கு மிக அருகில் உள்ள கிளாம்பை மூடி, பிள்ளையை இடப்பக்கம் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள். குழாய் உருவிக்கொண்டு வந்துவிட்டால், வெளித் துளையையும், கழுத்தில் ரத்த நாளத்துக்குள் நுழையும் இடத்தையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். துணிப் பட்டை வெளியே தெரிந்தால் உள்ளே தள்ள முயலாதீர்கள்.

தினமும் ஆன்டிபயாடிக் மாத்திரை?

வேண்டாம். தண்ணீர்த் தொட்டியின் சுவரில் பாசி படிவதைப் போலக் குழாயின் உள்சுவரில் கிருமிகள் ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். மாத்திரை அதைக் கரைக்காது. மாறாக, மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பூஞ்சையும் இடம்பிடிக்கும். திரும்பத் திரும்பத் தொற்று வரும் பிள்ளைகளுக்கு, டயாலிசிஸ் முடிந்ததும் குழாய்க்குள் ஹெபாரினுக்குப் பதிலாக அல்லது அதோடு சேர்த்து ஆன்டிபயாடிக் கரைசலை நிரப்பி வைக்கும் முறை உண்டு, 'லாக்' என்பார்கள். உங்கள் மகளுக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள். டாரோலிடின் என்ற, ஆன்டிபயாடிக் வகையில் சேராத மருந்தை ஹெபாரினோடு கலந்த கரைசலுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் அனுமதி தந்தது. ஆனால் அந்த அனுமதி பெரியவர்களுக்குத்தான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தப் படலத்தோடு பழைய குழாய் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், கேண்டிடா போன்ற கிருமிகள் என்றால், அல்லது மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் தணியாவிட்டால், குழாயை எடுத்தே ஆக வேண்டும். உங்கள் மகள் விஷயத்தில் கிருமியே தெரியவில்லை. மருந்து நின்ற பிறகு மறுபடி ஒரு கல்ச்சர் எடுத்தார்களா? இல்லையென்றால் இந்த வாரமே எடுக்கச் சொல்லுங்கள். மீண்டும் நடுக்கம் வந்தால் குழாயை மாற்றுவது பற்றிய பேச்சை நீங்களே தொடங்குங்கள்.

பள்ளிக்கூடம்

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அனுப்புங்கள். வகுப்பறையால் குழாய்த் தொற்று வருவதில்லை. குழாயைச் சட்டைக்குள் ஒட்டி, வலது தோளில் புத்தகப் பை தொங்காமல், விளையாட்டு வகுப்பில் மோதல் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆசிரியையிடம் கிளாம்ப் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை காட்டிவிடுங்கள். ஹெபடைடிஸ் பி, நிமோனியா, இன்ஃப்ளூயன்ஸா தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்று மட்டும் சரிபாருங்கள்.

குழாயிலிருந்து விடுபடும் வழி

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும், குழாய் இருக்கும்வரை தொற்று அபாயம் இருக்கவே செய்யும். ஃபிஸ்டுலாவில் அது மிகக் குறைவு. இதை உங்கள் கணவர் படிக்க வேண்டும்.

ஐயா, கையில் தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்யும் இந்தச் சிறிய அறுவை சிகிச்சையில் உடலுக்கு வெளியே எந்தக் குழாயும் இருக்காது. 23 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு, அனுபவமுள்ள அறுவை மருத்துவர் பெரும்பாலும் செய்ய முடியும். சிரை புடைத்துத் தெரியும் என்பது உண்மைதான். மாற்றுச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்யத் தொடங்கிய பிறகு, வேண்டாமென்றால் ஃபிஸ்டுலாவை மூடிவிடலாம். நெஞ்சிலிருந்து குழாய் தொங்குவதை அவள் இப்போது எப்படி எடுத்துக்கொள்கிறாள் என்று அவளிடமே கேட்டுப் பாருங்கள். ஃபிஸ்டுலாவில் ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் ஊசி குத்த வேண்டும்; அந்த வலிக்கு, ஒரு மணி நேரம் முன்பே தடவும் மரத்துப்போகும் களிம்பு இருக்கிறது. ஃபிஸ்டுலா முதிர்ந்து பயன்பாட்டுக்குத் தயாராகச் சில மாதங்கள் ஆகும் என்பதால் தள்ளிப்போடுவதில் லாபம் இல்லை. குழாய் ஒவ்வொரு முறை மாற்றப்படும்போதும் கழுத்துச் சிரை சுருங்கும் அபாயமும் கூடுகிறது. அதுவரை அவள் எழுதாத கையில் ரத்தம் எடுக்கவோ ட்ரிப்ஸ் போடவோ விடாதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் புறங்கையில் மட்டும்.

சகோதரி, வயிற்று வழி டயாலிசிஸ் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. யாரும் சொல்லவில்லை போலும். அதை வீட்டிலேயே செய்யலாம், பள்ளிக்கும் இடைஞ்சல் குறைவு. அதிலும் தொற்று வரும். ஆனால் ரத்தத்துக்குள் நேரடி வாசல் இல்லை. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இதற்கான கரைசல் பைகளை வீட்டுக்கே தருகிறார்கள். வயிற்றில் முன்பு பெரிய அறுவை சிகிச்சை நடந்திருந்தால் முடியாமல் போகலாம்; மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசியாக, மாமியார். பெற்றோர் மட்டும்தான் தரலாம் என்று சொன்னவருக்குச் சட்டம் மாறியது தெரியவில்லை. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011-இல் செய்த திருத்தம், தாத்தா பாட்டியையும் நெருங்கிய உறவினராகச் சேர்த்திருக்கிறது. அவர் தரலாம். ரத்த வகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, அவருடைய சிறுநீரகங்களின் நிலை இவற்றைப் பார்த்து மருத்துவர்கள் முடிவு செய்வார்கள்; வயது மட்டுமே தடையாகாது. மஞ்சள் விஷயத்தில் அவரோடு சண்டை வந்தது என்று எழுதியிருந்தீர்கள். மறுத்துப் பேசும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய பரிசோதனைகள் நடந்துகொண்டிருக்கும்போதே, இறந்தவர்களின் உறுப்புக்கான தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் மருத்துவமனை வழியாகப் பெயரைப் பதிந்துவிடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்கு இடம் உண்டு. ரத்தசோகைக்கு ரத்தம் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால், ரத்த அணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டின் ஊசியும் இரும்புச்சத்தும் போதாதா என்று கேளுங்கள். ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலும் மாற்றுச் சிறுநீரகத்தை எதிர்க்கும் எதிர்ப்புப் புரதங்களை உடலில் உருவாக்கக்கூடும். இப்போது போகும் பிரிவில் குழந்தைகள் சிறுநீரக மருத்துவர் இல்லையென்றால், எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலோ வேலூர் சிஎம்சியிலோ ஒருமுறை காட்டுங்கள். போகும்போது இரண்டு தொற்றுகளின் அறிக்கைகள், குழாய் வைத்த தேதியும் அளவும் எழுதிய சீட்டு, தடுப்பூசி அட்டை, மாமியாரின் ரத்த வகைச் சீட்டு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.